இருட்டிவிட்டால் விளையாட்டு முடிந்ததா?

ஒக்டோபர் கடைசி ஞாயிறு பிரித்தானியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. முதல் நாள் ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் அன்று முதல் ஐந்து மணிக்கு முன்பே மறைகிறது. டிசம்பர் நடுப்பகுதியில் லண்டனில் நான்கு மணி ஆவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எடின்பரோவில் அதற்கும் முன்னர். மூன்றேகாலுக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை சப்பாத்தைக் கழற்றி, ஏதாவது சாப்பிட்டு நிமிரும்போது ஜன்னல் கறுத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் இருட்டும். கைகால் கழுவி, விளக்கேற்றி, புத்தகத்தோடு உட்காரும் நேரம் அது. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கத்தைய நான்கு மணி இருட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். மார்ச் கடைசி வரை ஐந்து மாதம் பிள்ளைகள் சோபாவை விட்டு எழும்புவதில்லை. அதற்குத் துணைபோகும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

“பனிக்குள் விளையாடினால் தடிமன் பிடிக்கும்.”

அம்மம்மாக்களின் இந்தச் சொல்லை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். தடிமனை உண்டாக்குபவை வைரஸ்கள். அவற்றில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, ரைனோவைரஸ்தான் முக்கியமானது. குளிரின் பங்கு என்ன என்பதை இந்த நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோல்ஸ்பரி நகருக்கு அருகே தடிமனை ஆராய்வதற்கென்றே 1946இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். தாமாக முன்வந்தவர்களைக் குளிக்கவைத்து, ஈரம் துடைக்காமல், காற்றடிக்கும் நடைபாதையில் நடுங்க நடுங்க நிற்கவைத்தார்கள். அப்படி நின்றவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தடிமன் வரவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரின் கால்களை 20 நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்தார்கள். இன்னொரு 90 பேர் வெறும் பாத்திரத்தில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் முதல் பிரிவில் 26 பேரும் இரண்டாம் பிரிவில் 8 பேரும் தடிமன் குணம் தெரிவதாகச் சொன்னார்கள். வைரஸ் ஏற்கெனவே மூக்குக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குக் கால் குளிர்ந்ததும் மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, எதிர்ப்பு குறைந்து அது தலைதூக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆக, ஈரக் காலுறையோடு நிற்கவிடாதே என்று பெரியவர்கள் சொன்னதில் பொருள் உண்டு. பனியே தடிமனைத் தருகிறது என்பதில் இல்லை. வைரஸ் வருவது இன்னொருவரின் மூச்சிலிருந்தும் கையிலிருந்தும். யன்னலைப் பூட்டி, ஹீட்டரைப் போட்டு, நாலு பேர் ஒரே அறையில் இருப்பதுதான் அதற்கு வாய்ப்பான இடம். ஓடும் பிள்ளைக்கு உடம்பு தானே சூடேறும். தடித்த கோட் ஒன்றைவிட மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றாகப் போட்டு அனுப்புங்கள், வந்ததும் காலுறையை மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மட்டும் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பக்கூடும். மருத்துவரிடம் கேட்டு, இன்ஹேலரைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

“வெளிச்சம் இருந்தால் தானாக ஓடுவார்கள்.”

2014இல் வெளியான ஓர் ஆய்வு ஒன்பது நாடுகளில் 23,000 பிள்ளைகளின் இடுப்பில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தது. சூரியன் பிந்தி மறையும் நாட்களில் பிள்ளைகள் கூடுதலாக அசைந்தது உண்மை. ஆனால் பிரித்தானியாவில் பின்னேர வெளிச்சத்தை ஒரு மணி நேரம் நீட்டினால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது நாளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 நிமிட ஓட்டமும் ஆட்டமும்தான். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அது பயனுள்ளதே. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது காணாது. மீதியைச் சூரியன் தராது, நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

“சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்புப் போதும்.”

5 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்பது பிரித்தானிய தலைமை மருத்துவ அதிகாரிகளின் 2019 வழிகாட்டல். சனிக்கிழமை வகுப்பு நல்லது, ஆனால் வாரத்தில் அது ஒரு பங்கு. அதேநேரம், 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் 2012இல் எலெய்ன் வைலி என்ற தலைமை ஆசிரியை பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம், பள்ளி உடுப்போடேயே, வளவைச் சுற்றி ஓடவிட்டார். அதுதான் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய ‘டெய்லி மைல்’. உங்கள் பள்ளியில் அது உண்டா என்று கேளுங்கள். எலும்பு உறுதிப்படக் குதிப்பும் வேண்டும். ஸ்கிப்பிங் கயிறு, கெந்தி விளையாட்டு, நாலு பாட்டுக்கு ஆட்டம் எல்லாம் வீட்டு மண்டபத்துக்குள்ளேயே முடியும்.

“மஞ்சள் ஜாக்கெட் போட்டால் இருட்டில் தெரியும்.”

இது ஆபத்தான நம்பிக்கை. பளிச்சென்ற அந்த மஞ்சள் ஒளிர்வதற்குப் பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் தேவை. தெருவிளக்கின் கீழ் அது சாதாரண உடுப்புப்போல மங்கிவிடும். இரவில் உதவுவது காரின் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளிநிறப் பட்டிதான். அதையும் முதுகில் மட்டும் ஒட்டாமல் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுங்கள். அசையும் பட்டியைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு வருவது மனிதர் என்று விளங்கிவிடும். பின்லாந்தில் இருட்டில் நடப்பவர் இதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் பிள்ளைகளின் குளிர்கால கோட்டுகள் பெரும்பாலும் கறுப்பு. வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

“வெளியில் விட்டாலே விற்றமின் டி கிடைத்துவிடும்.”

ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இந்த நாட்டு வெயில் அதற்குக் காணாது. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த மாதங்களில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கலாம் என்பதும், கருநிறத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பதும் தேசிய சுகாதார சேவையின் ஆலோசனை.

“விளையாடப் போனால் படிப்புக் கெடும்.”

நம்மவர்களிடம் இதுதான் எல்லாவற்றிலும் வலியது. பதினொரு வயதுத் தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது நீச்சல் வகுப்பு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் பள்ளிகளில் உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்தது. ஆராய்ந்த 251 தொடர்புகளில் பாதி படிப்புக்கு நன்மை காட்டின, மீதியில் பெரும்பாலானவற்றில் வேறுபாடு தெரியவில்லை. தீமை காட்டியவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ரியூசனை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வகுப்பு இருபது நிமிட நடைத் தூரம் என்றால் காரை வீட்டில் விட்டுவிட்டு, கணுக்காலில் அந்தப் பட்டியைக் கட்டி, பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து கூட்டிப் போய், நடந்து கூட்டி வாருங்கள். அன்றைக்குத் தேவையான அறுபதில் நாற்பது நிமிடம் அங்கேயே முடிந்துவிடும்.