கொழுந்தின் நிறையும் குச்சியின் நிறமும்

பதுளை

அன்புத் தங்கைக்கு,

ஓர் இலத்திரனியல் உற்பத்தி நிறுவனம் எவ்வாறு புதியவற்றை உருவாக்குகிறது, எவ்வாறு வளர்கிறது, பொருளை வாங்குபவருக்கு எத்தகைய பெறுமதியை அளிக்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் உயர்தரப் பாடநூல்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றைத் தயாரிக்கும் பெருநிறுவனங்களையே எடுத்துக்காட்டாக முன்வைக்கின்றன. ஆனால் அதே பாடத்தை அப்புத்தளையிலோ தெமோதரையிலோ பசறையிலோ உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து வழக்கில் சொன்னால் ஸ்டோரில், இன்னும் தெளிவாகக் கற்கலாம். ஏனெனில் அங்கே தரம் பிரிக்கும் அறையில் நிற்கும் ‘கலர் சோட்டர்’ என்னும் நிறம் பிரிக்கும் இயந்திரத்தில், தேயிலைத் தூளின் ஒரு குறை, அதைத் தீர்க்கும் கருவி, அக்கருவியால் கிடைக்கும் வருமானம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதலில் அந்தக் குறை எதுவென்று அறிய வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கொய்யப்படும் கொழுந்தில் முற்றிய தண்டு குறைவு. கொழுந்தெடுக்க ஆட்கள் போதாமையால் பல தோட்டங்கள் கத்தரியையும் கொய்யும் இயந்திரத்தையும் நாடத் தொடங்கிய பிறகு முற்றிய இலையும் தண்டும் கூடையில் கூடுதலாகச் சேர்கின்றன. வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தியபின் இலை கறுத்துவிடுகிறது. தண்டோ கபில நிறக் குச்சியாகவும் நாராகவும் வெளிறித் தெரிகிறது. 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலை கேட்பவர்கள் தேநீரின் சுவையை மட்டுமன்றித் தூளின் தோற்றத்தையும் பார்த்தே விலை வைப்பதால், பி.ஓ.பி. போன்ற ஒரு தரத்தில் குச்சி கலந்திருப்பது தோட்டத்தின் வருமானத்தை நேரடியாகத் தாக்குகிறது.

குச்சியை நீக்க முன்பு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெண்கள் சுற்றியமர்ந்து குச்சியைக் கையால் பொறுக்குவது. மற்றது, பி.வி.சி. உருளைகளைக் கம்பளித் துணியில் உரசச் செய்து, அதனால் பிறக்கும் நிலைமின்னேற்றத்தின் மூலம் நாரை ஈர்த்தெடுப்பது; நிலைமின்னேற்றம் என்பது ஓடாமல் ஒரு பரப்பிலேயே தங்கி நிற்கும் மின்னேற்றம் ஆகும். இரண்டாவது முறை மலிவானது, இன்றும் பயன்படுகிறது. எனினும் காற்றில் ஈரம் கூடும்போது அந்த மின்னேற்றம் விரைவாகக் கசிந்துவிடும் என்பதால், மூடுபனி இறங்கும் மலைநாட்டில் அதன் வலிமை நாளுக்கு நாள் மாறுபடுகிறது; தடித்த குச்சிகளிலும் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை.

நிறம் பிரிக்கும் இயந்திரம் வேறொரு பண்பைப் பற்றிக்கொள்கிறது. அதிரும் தட்டிலிருந்து தூள் மெல்லிய படலமாகச் சரிந்து விழும்போது, விளக்கொளியில் கமராக்கள் ஒவ்வொரு துணிக்கையையும் பார்க்கின்றன; அதன் நிறம், முன்கூட்டியே குறிக்கப்பட்ட எல்லையைத் தாண்டி வெளிறியிருந்தால், அத்துணிக்கை கீழே வந்துசேரும் கணத்தைக் கணித்து ஒரு வால்வு சில மில்லிசெக்கன்களுக்கு மட்டும் திறக்கிறது. கம்பிச்சுருளில் மின் பாயும்போது உண்டாகும் காந்தவிசையால் திறக்கும் இந்த வால்வுக்குச் சொலினொயிட் வால்வு என்று பெயர். அதன் வழியே பீறிடும் அழுத்தக் காற்று குச்சியை வேறொரு வழியில் தள்ளிவிடுகிறது. சுளகில் புடைத்துப் பதரை நீக்கும் கைகளின் வேலையை, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சிறு காற்றுத் துளைகள் செய்கின்றன எனலாம்.

இத்தகைய இயந்திரங்களைச் செய்த நிறுவனங்கள் வளர்ந்த விதம் ஒன்றல்ல. லண்டனில் 1947இல் தோன்றிய சோர்டெக்ஸ், நிறம் மாறிய விதைகளையும் பயறுகளையும் பிரிக்கும் கருவியோடு தொடங்கி, அதே ஒளியியல் அறிவை அரிசி, கோப்பி, கொட்டை வகைகள் எனப் பொருளுக்குப் பொருள் கொண்டுசென்றது. ஆலை இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தின் பூலர் நிறுவனத்தோடு அது பிற்காலத்தில் சேர்ந்தது. யப்பானின் ஹிரோஷிமாப் பகுதியில் 1896இல் விசையால் இயங்கும் நெற்குற்றும் இயந்திரத்தோடு தொடங்கிய சத்தாக்கே நிறுவனம் எதிர்த்திசையிலிருந்து வந்தது: அதன் கையில் முதலில் இருந்தது மின்னியல் அறிவன்று, அரிசி ஆலைக்காரரின் நம்பிக்கை; ஆலைக்காரர் குற்றிய அரிசியில் நிறம் மாறிய மணிகளை நீக்க வேண்டியிருந்ததால் அந்நிறுவனம் ஒளியியல் பிரிப்புக்கும் வந்துசேர்ந்தது. முன்னது ஒரே திறனைப் புதிய வாடிக்கையாளரிடம் கொண்டுசெல்லும் வளர்ச்சி. பின்னது ஒரே வாடிக்கையாளருக்காகப் புதிய திறனைக் கற்கும் வளர்ச்சி. சீனாவின் ஹெஃபெய் நகரில் பெருகிய நிறுவனங்கள் மூன்றாம் வழியை எடுத்தன. கமராவும் கணினிச் சில்லும் மலிவாகிய காலத்தைப் பயன்படுத்தி, சிறிய ஆலையும் வாங்கக்கூடிய விலைக்கு இயந்திரத்தை இறக்கின. இம்மூன்றில் இரண்டாவது வழியே உறுதியானது என்று கொள்ளத் தக்க காரணம் உண்டு: தொழில்நுட்பத்தைப் போட்டியாளர் சில ஆண்டுகளில் எட்டிப்பிடிக்கலாம், விலையை அதற்கும் முன்பே குறைக்கலாம்; வாங்குபவரின் வேலையைப் பல்லாண்டு அருகிருந்து பார்த்துப் பெற்ற அறிவை அவ்வாறு எடுத்துக்கொள்ள இயலாது.

புத்தாக்கம் என்னும் சொல்லுக்கும் இவ்வியந்திரத்தின் வரலாறு நல்ல விளக்கம் தருகிறது. தொடக்ககாலக் கருவிகள், விழும் பொருளின் வெளிச்ச அளவை அதன் பின்னால் பொருத்திய ஒரு தட்டின் வெளிச்சத்தோடு ஒப்பிட்டு, இருண்டதா வெளிறியதா என்று மட்டுமே அறிந்தன. பின்னர் வந்த வண்ணக் கமராக்கள் நிறங்களை வேறுபடுத்தின. அகச்சிவப்பு உணரிகள், அதாவது கண்ணுக்குப் புலப்படாத வெப்பப்பக்க ஒளியை அறியும் உறுப்புகள், நிறத்தில் ஒத்திருந்தும் பொருளில் வேறான கல்லையும் நெகிழித் துண்டையும் அடையாளம் கண்டன. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனால் தேயிலைத் தூசு கண்ணாடியில் படியும்போது அதைத் தானே துடைக்கும் துடைப்பான், குழல்விளக்கின் இடத்தில் நீண்டநாள் ஒரே அளவாக ஒளிரும் எல்.ஈ.டி., அழுத்தக் காற்றிலுள்ள ஈரத்தையும் எண்ணெயையும் அகற்றும் வடிகட்டி ஆகியவை விளம்பரத்தில் இடம்பெறாத சிறு மாற்றங்களாயினும், ஸ்டோரில் இரவு முழுதும் வேலை தடைபடாமல் நடப்பதற்கு அவையே காரணம்.

வாடிக்கையாளர் பெறுமதியைக் கணக்கிடும் முறையும் இங்கேதான் விளங்கும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு 1,000 கிலோ தூளை இயந்திரத்தில் விடுகிறது என்றும், குச்சியைத் தள்ளும் காற்று அருகிலுள்ள நல்ல தூளிலும் நூற்றுக்கு ஒரு பங்கைச் சேர்த்துத் தள்ளிவிடுகிறது என்றும் கொள்வோம். நாளுக்கு 10 கிலோ, 25 வேலைநாளில் 250 கிலோ நல்ல தூள் கழிவுத் தரத்துக்குப் போய்விடும். அதாவது ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கொழுந்தைப் பறித்த உழைப்பு வீணாகிறது. ஆகவே குச்சியை எவ்வளவு பிடிக்கிறது என்பதோடு நல்லதை எவ்வளவு விட்டுவைக்கிறது என்பதையும் தேயிலைத் தயாரிப்பைப் பொறுப்பேற்று நடத்தும் ஒரு தேர்ந்த டீமேக்கர் கேட்பார். அடுத்து அவர் கேட்பது காலத்தைப் பற்றியது. கச்சான் காற்று வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் வருகிறது, ஏலத்தில் சிறந்த விலையும் அப்போதே கிடைக்கிறது. அந்த வாரங்களில் ஒரு வால்வு பழுதாகி, மாற்று உறுப்புக் கடல்கடந்து வரும்வரை இயந்திரம் நின்றுவிட்டால், வாங்கும்போது மிச்சம்பிடித்த பணம் அப்படியே போய்விடக்கூடும். உறுப்பைக் கொழும்பில் இருப்பு வைத்து, பருவம் தொடங்குமுன் ஆளனுப்பி இயந்திரத்தைச் சரிபார்க்கும் நிறுவனம் சற்றுக் கூடிய விலை கேட்டாலும் கொடுப்பது நியாயமே.

இதுவரை கூறியதில் விலை கொடுப்பவரும் பயன்பெறுபவரும் ஒருவரே. தோட்டத்தின் இன்னோர் இலத்திரனியல் கருவியான தராசில் அவ்வாறில்லை. அதனாலேயே அது கூடுதல் கவனத்துக்கு உரியது. மலையில் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசின் உள்ளே சுமையுணரி என்னும் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பித் தகடு நீள்வதால் அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றம் கிலோவாகத் திரையில் தோன்றுகிறது. தராசை வாங்குவது கம்பனி. நிறுக்கப்படுவதோ ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்பு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோதும், குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், போடும் வழக்கம் தோட்டங்களில் அறியப்பட்டதே. கொழுந்தின் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்கள் நெடுங்காலமாகப் பிணக்குக்குக் காரணமாக இருந்துவருகின்றன. எனவே இரண்டு பக்கமும் தெரியும் திரை, மொத்த நிறையையும் கழித்த நிறையையும் தனித்தனியே காட்டும் சீட்டு, அச்சீட்டில் தமிழ், தொழிலாளியின் முன்னிலையிலேயே சுழியத்துக்குக் கொண்டுவரும் பொத்தான் ஆகியவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பது தராசைச் செய்யும் நிறுவனத்தின் தீர்மானம். இவற்றுக்காகும் செலவு சிறிது. விலை கொடுப்பவர் கேட்கவில்லை என்பதற்காக இவற்றை விட்டுவிடும் உற்பத்தியாளர், தன் கருவியை நாள்தோறும் நம்பி நிற்பவரைக் கணக்கில் எடுக்காதவராகிறார். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் வணிகத்தில் பயன்படும் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்று விதித்திருப்பினும், முத்திரை, தராசு சரியானது என்பதை மட்டுமே உறுதிசெய்யும். எத்தனை கிலோ எதற்காகக் கழிக்கப்பட்டது என்பதை அது சொல்லாது.

உனக்கு இத்துறையில் விருப்பமிருந்தால் படிப்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும், இயந்திரவியலையும் மின்னணுவியலையும் இணைத்துக் கற்பிக்கும் மெக்கட்ரொனிக்ஸும் கற்கலாம். நிறம் பிரிக்கும் இயந்திரத்தை முழுமையாக இங்கு செய்வது இன்றைக்குக் கடினம். அதன் கமராவும் வால்வும் நீண்டகால முதலீட்டின் விளைவுகள். தராசு அப்படியன்று. சுமையுணரியை வெளியிலிருந்து வாங்கினாலும், மழைக்கும் மலைச்சரிவுக்கும் ஏற்ற பெட்டி, தமிழிலும் சிங்களத்திலும் சீட்டு அச்சிடும் நிரல், மின்சாரம் இல்லாத, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒருநாள் தாங்கும் மின்கலம், பழுதானால் அன்றைக்கே வந்து பார்க்கும் ஆள் ஆகிய நான்கையும் பதுளையிலேயே உருவாக்க முடியும்.

அன்புடன்,
அக்கா