படகு வருவதற்கு முன்

பெருவெள்ளம் என்றதும் நம் மனத்தில் ஓடும் படம் அநேகமாக ஒன்றுதான். தண்ணீர் ஏறுகிறது, சனங்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகளில் யாரோ கைவரிசை காட்டுகிறார்கள், கடைசியில் ஆரஞ்சு உடுப்புப் போட்ட மீட்புப் படை படகில் வந்து எல்லோரையும் கரைசேர்க்கிறது. இந்தப் படத்தில் அக்கம்பக்கத்தாருக்கு இரண்டே வேடங்கள். ஒன்று, காப்பாற்றப்பட வேண்டிய அப்பாவி; இல்லாவிட்டால், கட்டுப்படுத்தப்பட வேண்டிய கூட்டம். நடந்ததை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. என்ரிக்கோ குவாரன்டெல்லி, ரஸல் டைன்ஸ் ஆகிய சமூகவியலாளர்கள் பங்கெடுத்து 1963இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையம், வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று பல இடங்களுக்கு ஆளனுப்பி விசாரித்தது. கண்மண் தெரியாத பீதி அரிது, பெருங்கொள்ளையும் அரிது, பெரும்பாலானவர்களை முதலில் மீட்டவர்கள் அருகில் இருந்தவர்களே என்பதுதான் அந்த ஆய்வு மரபு திரும்பத் திரும்பக் கண்ட முடிவு.

நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, செல்பேசிக் கோபுரங்கள் அடங்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஹெலிகாப்டர் சோற்றுப் பொட்டலம் போடுவதற்கு முன்பே அவர்களுக்கு உலை வைத்தவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரும் அதே வெள்ளத்தில்தான் தத்தளித்துக் கொண்டிருந்தது. 2018 கேரள வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் மீட்டவர்கள் சுமார் 65,000 பேர் என்பது அந்த மாநில அரசே சொன்ன கணக்கு.

இதை மனிதநேயம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அந்தப் பாராட்டு கொஞ்சம் ஆபத்தானதும்கூட. ஏதோ எதிர்பாராமல் பூத்த நற்குணம் போல அது இதைக் காட்டிவிடுகிறது. உண்மையில் இது தூரமும் நேரமும் போடும் கணக்கு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிரிவு இருக்கும் அரக்கோணத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். மழைக்கு முன்பே சில குழுக்களை அனுப்பி வைத்தாலும், ஒரு மாவட்டத்தில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தெருக்கள் மூழ்கும்போது எந்தப் படையும் எல்லாத் தெருவிலும் இருக்க முடியாது. எதிர்வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறார். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி இருக்கிறார், எந்த மாடிக்குப் படிக்கட்டு வெளிப்பக்கம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். முதல் மீட்பர் யார் என்பது இப்படி முன்கூட்டியே தெரிந்திருந்தும், அவருக்கு நாம் எதையும் கற்றுத் தருவதில்லை. அவரைக் காப்பாற்றப்பட வேண்டியவராக மட்டுமே பார்ப்பதால் வரும் நட்டம் இதுதான். விளைவாக, தண்ணீரைப் பற்றிப் பரம்பரையாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் வந்த தப்பெண்ணங்களோடு அவர் வெள்ளத்தில் இறங்குகிறார்.

அவற்றில் ஆளைக் கொல்வது ‘முழங்கால் தண்ணீர்தானே’ என்ற எண்ணம். தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. ஓடும் தண்ணீருக்கு ஆழத்தைவிட வேகமே எமன். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். விரைந்தோடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேல், வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் நழுவத் தொடங்கும், 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வாகனங்கள் மிதந்துவிடும். வண்டியின் கனம் காப்பாற்றும் என்று நம்புகிறோம். காற்றடைத்த கூண்டு அது, தண்ணீரில் மிதக்கத்தான் செய்யும். கலங்கிய நீருக்கடியில் பாதாளச் சாக்கடை மூடி பெயர்ந்திருந்தால் நீச்சல் தெரிந்திருப்பதாலும் பெரிய பயன் இல்லை. இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவதையும் நாம் துணிச்சல் என்கிறோம். ஓட்டமுள்ள நீரில் ஆள் சறுக்கினால் அதே கயிறு அவரைத் தண்ணீருக்கடியில் பிடித்து வைத்துவிடும். அதனால் பயிற்சி பெற்ற மீட்பர்கள் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. அவர்களுடைய வரிசை வேறு: முதலில் கரையிலிருந்து கழியை நீட்டு, எட்டாவிட்டால் மிதக்கும் பொருளைக் கயிற்றோடு வீசு, பிறகு படகு, நீந்திப் போவது கடைசி. வீசுவதற்கு மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றே போதும், தலை மூழ்காமல் ஆளைத் தாங்கிவிடும். அது இன்று எந்தத் தெருவில் இல்லை? மெயின் சுவிட்சை வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் முன் அணைக்க வேண்டும், நனைந்த தரையில் நின்றபடி தொடவே கூடாது என்பதும் இதே அளவு எளிய பாடம்.

‘இங்கே மழையே விட்டுவிட்டது, இனி என்ன வரப்போகிறது’ என்பது இன்னொரு நம்பிக்கை. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில் மலைப்பக்கமுள்ள சிவா என்ற ஊரில் எட்டு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. கீழே பைபோர்ட்டாவில் பெரிய மழையில்லை. வறண்டு கிடந்த ஓடை வழியாகத் தண்ணீர்தான் வந்தது. அலைபேசிகளில் அரசின் எச்சரிக்கை ஒலித்தது இரவு 8.11க்கு. அதற்குள் தெருக்கள் மூழ்கியிருந்தன, நிலத்தடிக் கார் நிறுத்தங்களில் வண்டியை மீட்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. மாகாணத்தில் மட்டும் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் வலென்சியா நகரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் துடைப்பமுமாக நடந்தே வந்து சேறு அள்ளினார்கள். ஆள்பலத்துக்கும் மனத்துக்கும் அங்கே குறைவில்லை. மேல்பகுதியில் என்ன நடக்கிறது என்ற செய்தி நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

இப்படி அண்டை வீட்டாரைத் தூக்கிப் பிடித்தால் அரசு கை கழுவிவிடுமே என்று கேட்கலாம். நியாயமான அச்சம். வலென்சியா காட்டுவதே, எச்சரிக்கை அக்கம்பக்கத்தார் தயாரிக்கக்கூடிய பொருளல்ல என்பதைத்தான். மழைமானியும் அணையின் மதகும் அரசின் கையில். 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேறியபோது, அடையாற்றங்கரைக் குடியிருப்புகளின் ஒற்றுமையால் அதில் ஒரு கன அடிகூடக் குறைத்திருக்க முடியாது. அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறை எழுதியது ஏரி நிர்வாகத்தையும் ஆக்கிரமிப்பையும் சுட்டித்தான். பக்கத்து வீட்டுக்காரரை நம்புவது, அவருக்குத் தேவையான தகவலைக் கொடுக்கும் கடமையை அரசுக்குக் கூட்டுகிறது, குறைக்கவில்லை.

திருட்டு நடப்பதே இல்லையா என்றால், நடக்கிறது. 2015இல் சென்னையில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றதும் பொய்யில்லை. ஆனால் கொள்ளை பற்றிய பயம் கொள்ளையைவிட அதிகக் கேடு செய்கிறது. வீட்டை விட்டால் சாமான் போய்விடும் என்று தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா வெள்ளத்திலும் உண்டு. அவர்களை வெளியே வரவைப்பது, தெருவில் நான்கு பேர் முறைபோட்டு வீடுகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற உறுதி.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது. அண்டை வீட்டார் என்பவர் யாருக்கு அண்டை? 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடலோரத்தை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச் என்ற அரசியலறிஞர், வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த இடங்களுக்கு உதவி விரைந்து வந்ததைக் கண்டார். அதே பஞ்சாயத்துகள் தயாரித்த பட்டியல்களில் தலித்துகளும் விதவைகளும் ஊருக்குப் புறம்பானவர்களும் விடுபட்டதையும் கண்டார். ஒற்றுமை எந்த அளவுக்கு இறுக்கமோ, அந்த அளவுக்கு வெளியே நிறுத்தும் வேலையையும் அது செய்யும். ஆகவே தெருவுக்குப் பயிற்சி கொடு, கயிறும் கேனும் கொடு, நிவாரணப் பட்டியலை மட்டும் தெருவின் கையில் முழுதாக விட்டுவிடாதே என்றுதான் நான் சொல்வேன். மீட்பு அருகில் இருப்பவரின் வேலை, பங்கீட்டுக்குப் பொறுப்பு அரசுக்கு.

அரசு இதை அறியாமலும் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் ‘ஆப்தா மித்ரா’ என்ற தன்னார்வலர் பயிற்சித் திட்டத்தை வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களுக்கும் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கும் விரித்தது. சராசரியாகப் பார்த்தால் ஒரு மாவட்டத்துக்கு 300 பேர்கூட இல்லை. தூத்துக்குடி போன்ற ஒரு மாவட்டத்தில் ஊராட்சிகளே 400க்கு மேல்.