தெற்கே தங்கிவிட்ட மணல்: விம்கோ நகர் வாசகி ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு மாமியார், ஏ ஷிப்ட் பி ஷிப்ட் என்று மாறி மாறி வேலைக்குப் போகும் கணவர். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஒழிகிற ஞாயிறு மாதத்துக்கு ஒன்றிரண்டு. அந்த நாளிலும் மெட்ரோ ஏறித் தெற்கேதான் போகவேண்டியிருக்கிறது, "நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. எங்கெங்கே என்று நாலு வரியில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் நீங்கள் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய் இறங்கி, "இதுக்கா வந்தோம்?" என்று என்னைத் திட்டுவீர்கள். அதனால் இருந்தது எப்படிப் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மெரினாவிலிருந்து தொடங்குகிறேன். காணும் பொங்கலுக்கு நீங்கள் போனது அங்கேதானே? ரோட்டிலிருந்து அலையைத் தொடுவதற்குள் மாமியார் இரண்டு தடவை மணலில் உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. அவ்வளவு மணல் அங்கே ஆதியிலிருந்து கிடையாது. நம் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் எதிர்த்திசை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான் வரும். 1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தென்பக்கமே தங்கிவிட்டது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயரும் வைத்தார். கரை அதற்குப் பிறகும் அகலமாகிக்கொண்டே போனது.

சுவருக்கு வடக்கே கதை வேறு. புது மணல் வரவில்லை. அலை மட்டும் ஓயாமல் இருந்ததை அரித்துக்கொண்டு போனது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று குப்பம் குப்பமாக வீடும் தெருவும் கடலுக்குள் போயின. உங்கள் மாமியார் இந்தப் பக்கத்து மனுஷி என்றால், அவர் சின்ன வயதில் கடற்கரை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் கடலைக் காட்டுவார். பிறகு கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள், பக்கத்திலேயே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எக்ஸ்பிரஸ் ரோடும் வந்தது. ஆக, மெரினாவில் உங்கள் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடின மணல் நியாயப்படி நமக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியது. மெட்ரோவில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

பூங்காவும் இதே மாதிரிதான் போயிற்று. சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷன், பக்கத்தில் பார்க் டவுன் என்கிறோமே, அந்த பார்க் எங்கே? 1859, 60ல் கவர்னராக இருந்த ட்ரெவெல்யன், நெரிசலில் புழுங்கிக்கொண்டிருந்த ஜார்ஜ் டவுன் ஜனங்கள் காற்று வாங்கட்டும் என்று 100 ஏக்கருக்கு மேல் ஒதுக்கி உண்டாக்கிய பீப்பிள்ஸ் பார்க் அது. குளங்கள் இருந்தன, பிற்பாடு மிருகக்காட்சி சாலையும் வந்தது. அப்புறம் விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மிருகங்கள் 1985ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. ஊருக்குப் பூங்கா பராமரிக்கிற மாநகராட்சியின் ரிப்பன் கட்டடமே அந்தப் பூங்கா நிலத்தில்தான் நிற்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

நம் பகுதியில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த தாராளம் பிள்ளைகளுக்கு இருந்ததில்லை. ஊர்ப் பெயரே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அசோக் லேலண்ட், என்ஃபீல்டு எல்லாம் நமக்கு அக்கம்பக்கம். எம்.ஆர்.எஃப். மட்டும் 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத்தான் தொடங்கியது. பிள்ளைகளுக்காக இங்கே வந்த ஒரே தொழில் அதுதானோ என்னவோ. அதுவும் பிற்பாடு டயருக்கு மாறிவிட்டது.

சரி, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முதலில் வார்டுக்குள் இருக்கும் மாநகராட்சிப் பூங்காக்கள். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து முதல் மண்டலமான பிறகு, எட்டு வடிவ நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், திறந்தவெளி ஜிம் என்று ஒரே அச்சில் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். இடம் சின்னதுதான். ஆனால் முட்டிவலிக்காரருக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. தளம் சமம், உட்கார பெஞ்ச் உண்டு, வீடு பக்கத்தில். காலையில் போங்கள். தகடு போட்ட சறுக்குமரம் என்றால் சாயங்காலம் 4 மணிக்கும் சுடும், பிள்ளையை ஏற்றிவிடுமுன் கையை வைத்துப் பாருங்கள்.

கடற்கரைக்குப் போவதென்றால் காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள். நமக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மணலித் தொழிற்சாலைகள். மேல்காற்று அடிக்கிற நாளில் மாடியில் துணி காயப்போடும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். கடற்காற்று எழும்பிவிட்டால் அந்த நாற்றம் வந்த வழியே திரும்பிவிடும். சித்திரை, வைகாசியில் மத்தியானமே கடற்காற்று வந்துவிடுவது வழக்கம். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருப்பதால் சாயங்காலம் வரை இழுத்தடிக்கும், சில நாள் வரவே வராது. அந்த மாதங்களில் கொஞ்சம் பொறுத்துக் கிளம்புவது நல்லது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிப் பக்கம் போனால் ஒரே நடையில் கோயிலும் கடலும் முடிந்துவிடும். தேரடியில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு அங்கே போகலாம். மாமியாரும் சந்தோஷப்படுவார். தூண்டில் வளைவு இருக்கிற இடங்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஒவ்வொரு கல் வரிசைக்கும் தென்பக்கம் மணல் சேர்ந்திருக்கும், வடபக்கம் அலை குடைந்துகொண்டிருக்கும். துறைமுகத்தில் நடந்த அதே கதை, சின்ன அளவில். பாய் விரிப்பதென்றால் தென்பக்கம் விரியுங்கள். எந்தப் பக்கமானாலும் பிள்ளைகள் கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது. கல்லோரம் தண்ணீர் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது. கல்லில் பாசியும் உண்டு, ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்குக் கிடைக்கிற ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையை எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் கொடுப்பேன். விம்கோ நகரில் கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்தால் கத்திவாக்கம், அடுத்து எண்ணூர். அங்கிருந்து ஆட்டோ. பூண்டி ஏரியைத் தாண்டி வருகிற கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற இடம். வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் துரைமார் ஓய்வுக்குத் தேடி வந்து படகு விட்ட நீர்நிலை இது. பாசில் காக்ரேன் என்கிற வியாபாரி 1806ல் மதராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். பிறகு அதுதான் இரண்டு பக்கமும் நீண்டு, 1877, 78 பஞ்ச நிவாரண வேலையில் இணைக்கப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் ஆனது. நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே கால்வாய்தான். விறகும் உப்பும் படகில் போன பாதை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள்.

முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றுகிற நேரமாகப் பார்த்துப் போனால், மார்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரண்டு கையும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கை மேலே வரும், இறால் பறிக்குள் விழும், கை மறுபடி உள்ளே போகும். வாயில் பறி இருப்பதால் பேச்சே இருக்காது. உங்கள் பெரியவன் மொபைலைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிற காட்சி ஏதாவது இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். தூரத்தில் கொக்கு, நாரை, கரையோரம் மிச்சமிருக்கிற அலையாத்தி, அதற்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். எல்லாம் ஒரே சட்டத்துக்குள் தெரியும்.

அங்கே தண்ணீரில் காலை நனைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வருஷக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்த சேறு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து படகு, வலை, மரம் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அந்த மாதக் கடைசியிலேயே உரத் தொழிற்சாலைக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உங்களுக்கும் அந்த ராத்திரி ஞாபகம் இருக்கும். பொழுதுபோக்குக்கு இடம் கேட்டவருக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், முகத்துவாரத்தைக் குப்பைமேடு என்று நினைத்து நாமே ஒதுங்கிவிட்டால் கொட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். குடும்பம் குடும்பமாக ஆள் வந்து நிற்கிற கரையில் லாரி சத்தமில்லாமல் கவிழ்க்க முடியாது.

கெட்டுப்போன இடத்தையும் மீட்க முடியும். ஜெர்மனியில் ரூர் பகுதி என்று நிலக்கரியும் இரும்புமாகக் கிடந்த ஒரு வட்டாரம். டுயிஸ்பர்க் நகரில் மூடிய இரும்பாலையை இடிக்காமல் 1994ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். உலைமேல் ஏறி ஜனங்கள் ஊரைப் பார்க்கிறார்கள். நூறு வருஷம் திறந்த சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆற்றைச் சுத்தம் செய்ய முப்பது வருஷம் பிடித்தது. செய்து முடித்தார்கள். நம் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடியபோது இங்கேயும் அப்படி ஒரு பூங்கா வராதா என்கிற ஆசைதான் எனக்கு வந்தது. அங்கேயே 660 மெகாவாட்டில் புது நிலையம் என்று திட்டம் போட்டார்கள். ஆசைக்கு என்ன, காசா பணமா.

2023ல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள், பிறகு தொகை இன்னும் ஏறியது. காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைகளை அழகுபடுத்துவதும் பேச்சில் வந்தது. அழகு இருக்கட்டும். செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டு வைப்பதற்கு முன்னால் பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறை, மாமியார் உட்கார நிழலில் ஒரு பெஞ்ச், எக்ஸ்பிரஸ் ரோட்டை உயிரோடு கடக்க ஒரு வழி. கவுன்சிலர் உங்கள் தெருவுக்கு வந்தால் இந்த மூன்றையும் கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெயில் தாங்காத நாளில் மெட்ரோ ஏறினாலும் கிண்டி வரை போகவேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையிலோ மண்ணடியிலோ இறங்கி ஆட்டோ பிடித்தால் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்கும் ஹைதர் அலி படையெடுப்புக்கும் பயந்து கறுப்பர் நகரம் என்று அன்றைக்குச் சொன்ன ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கட்டிய மதிலில் மிஞ்சின ஒரு துண்டு, அதன் மேல் தோட்டம். மதிலுக்கு வரி போட நினைத்ததில்தான் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் வந்தது. மதில் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். படிக்கட்டு உண்டு, மாமியார் கீழேயே இருக்கட்டும். அவரை ராயபுரம் அண்ணா பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். பழைய பெயர் ராபின்சன் பார்க். 1949 செப்டம்பர் 18ல் கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பிப்போட்ட ஒரு கூட்டத்துக்கு இடம் கொடுத்த பூங்கா, இன்றைக்கு உங்கள் சின்னவளுக்கு ஓடிப்பிடித்து விளையாட இடம் கொடுக்கும். திரும்பும்போது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடலாம், பிள்ளைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லி.

பழவேற்காடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொன்னேரியில் இறங்கிப் பஸ் மாற வேண்டும், ஒரு முழு நாள் வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்

பி.கு.: முகத்துவாரத்துக்குப் போகும்போது மடக்குகிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே பெஞ்ச் கிடையாது. குடிதண்ணீரும் வீட்டிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதால், எண்ணூரில் இறங்கியதுமே திரும்புகிற வண்டி நேரத்தைக் கவுன்டரில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.