மக்கட் போசணைப் பணிக்கு வேண்டும் தகைமைகள்

திருவள்ளுவனார் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவைப் பற்றியே அமைத்தார். அதன் இறுதியில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவனையும் மருத்துவத்தின் நான்காம் உறுப்பாக எண்ணினார். முதல் மூன்றையும் பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் அரியர். மக்கட் போசணைப் பணியில் ஈடுபடுவோர்க்கு எத்தகைய தேர்ச்சி வேண்டும், அஃது எவ்வாறு வளரும் என்பவற்றைக் குருவிட்டப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் இடரும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் வீதியில், நகரை அடைவதற்குச் சற்று முன்னே உள்ளது குருவிட்ட. எரத்னை வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுவோர் இவ்வூரை நன்கறிவர். இதற்கு அணித்தாயுள்ள பட்டதொம்பக் குகையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாந்தர் உண்டு கழித்த விலங்கு என்புகளும், நத்தை ஓடுகளும், கரிந்த கெக்குனைக் கொட்டைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பலவகை உணவை நல்கக்கூடிய மண் இது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அம்மண்ணிலே தேயிலையும் றப்பரும் வளர்க்கும் மக்களின் பிள்ளைகளோ உயரங் குன்றி வளர்கின்றனர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 17.3 வீதம், தோட்டப் பகுதிகளிலோ 31.7 வீதம். பத்தாண்டுகளுக்கு முன்னிருந்த நிலையிலும் இது முன்னேற்றமே. எனினும் மூவரில் ஒரு பிள்ளை என்னும் கணக்கு எவரையும் அமைதியாக உறங்கவிடத் தக்கதன்று. முதலிரண்டு ஆண்டுகளில் இழந்த வளர்ச்சியைப் பிற்காலத்திற் பெரிதும் ஈடுசெய்ய இயலாது என்பதே இதன் கொடுமை.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பிராவில் நிறை நிறுக்கும் நாளன்று நாம் சென்றிருந்தோம். பதினான்கு மாதக் குழந்தை ஒன்றின் நிறை மூன்று மாதங்களாக ஏறவில்லை. நாம் அன்னையை அழைத்து முட்டை, கீரை, பருப்பு, நெத்தலி ஆகியவற்றின் சிறப்பை விரித்துரைத்தோம். அவர் பொறுமையோடு கேட்டபின் சொன்னார்: “நீங்க சொல்றதெல்லாம் சரிங்க ஐயா. விடிய முன்னமே எந்திரிச்சு ரொட்டி தட்டி வச்சிட்டு மலைக்குப் போயிருவேன். புள்ளைக்கு யாரு ஊட்டுறாங்க, எவ்வளவு ஊட்டுறாங்கன்னு எனக்கே தெரியாதுங்களே.”

நாம் வாயடைத்து நின்றோம். அருகிலிருந்த குடும்பநல உத்தியோகத்தர் அன்னையிடம் மூன்றே வினாக்கள் வினவினார். காலையில் பிள்ளையை யார் வைத்திருக்கிறார்? எத்தனை மணிக்கு இங்கே கொண்டுவருகிறார்? அதற்கு முன் என்ன கொடுக்கிறார்? முதிய பாட்டி பேரனைப் பத்து மணிக்கே கொண்டுவருகிறார் என்பதும், அதுவரை தேநீரில் நனைத்த ரொட்டித் துண்டே அவன் உணவு என்பதும் வெளியாயின. உத்தியோகத்தர் மாலையில் லயத்திற்கே சென்று பாட்டியிடம் பேசினார். வந்தவுடன் கெட்டியாகக் குழைத்த பருப்புச் சோறு ஊட்டுமாறு காம்பிராப் பொறுப்பாளரிடமும் ஒழுங்கு செய்தார். பின்வந்த மாதங்களில் பதிவேட்டின் கோடு மேல்நோக்கிச் சென்றது. நாம் நூலறிவு கொண்டு சென்றோம். அவரிடம் தகைமை இருந்தது.

தகைமைகள் யாவை?

முதலாவது, அளக்குந் திறன். தராசைச் சுழியத்திற்குக் கொணர்தல், பிறந்த தேதியிலிருந்து வயதைச் சரியாகக் கணித்தல், கிடத்தி நீளம் அளத்தல், பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டிற் புள்ளியிடுதல் ஆகிய யாவும் கையாற் பழக வேண்டியவை. ஒரு புள்ளி நிற்கும் இடத்தைவிட, கோடு செல்லுந் திசை மிகுதியும் கூறும்.

இரண்டாவது, உணவறிவு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் மென்மையும் செறிவும் வாய்ந்த துணையுணவு வேண்டும். உணவோடு தேநீர் அருந்தின் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படாது; எலுமிச்சை, கொய்யா போன்றவை அதற்குத் துணைபுரியும். தேயிலை பறிக்கும் பெண்ணின் இரத்தச்சோகையை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது. சப்பிரகமுவ உட்பட ஈரவலயத்திற் பரந்திருந்த கழலை நோய், 1995இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமானபின் பெரிதும் தணிந்தது. சில குறைகளை வீட்டுச் சமையலும், சிலவற்றை அரசின் சட்டமுமே தீர்க்கும் எனப் பகுத்தறிதலும் உணவறிவின் பாற்பட்டதே.

மூன்றாவது, காரணங்களை அடுக்கடுக்காய்க் காணும் ஆற்றல். உலகச் சிறுவர் நிதியம் 1990இல் வகுத்த முறைப்படி, குறைந்த உணவும் நோயும் உடனடிக் காரணங்கள். அவற்றின்கீழ் வீட்டு உணவுப் பற்றாக்குறை, பராமரிப்பு, நீரும் துப்புரவும் உள. அவற்றிற்கும் அடியிலே வருமானமும் நிருவாகமும் உள. 2022இல் உணவு விலைகள் ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காயின. அக்காலத்திற் கடன்பட்ட அன்னையிடம் ‘சமநிலை உணவு’ பற்றிப் பிரசங்கித்தல் பசித்தவனுக்குப் பழமொழி கூறுவதே.

நான்காவது, கேட்டலும் இணைந்து பணிபுரிதலும். அன்னையின் மொழியில், அவர் மதிப்புக் குறையாது வினவுதல் வேண்டும். தோட்ட அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஆசிரியர், பிள்ளைக் காம்பிராப் பொறுப்பாளர் ஆகியோரை ஒரு மேசையில் அமர்த்தவும் தெரிதல் வேண்டும்.

ஐந்தாவது, உண்மையைப் பதிதல். மேலதிகாரி மகிழ நிறையைக் கூட்டி எழுதுவோர் ஒரு பிள்ளையின் துயரை மறைக்கின்றார்.

தேர்ச்சி வளரும் முறை

விரிவுரையாற் செய்தி பரவும். தேர்ச்சியோ மேற்பார்வையோடு கூடிய பழக்கத்தாலேயே வளரும். 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதி இந்நாட்டில் முதலாவது. வைத்திய அதிகாரி, பரிசோதகர், மருத்துவமாது ஆகியோருக்கு வரையறுத்த பிரதேசம் தந்து, மக்களின் வாசலுக்கே அனுப்பும் முறை அங்கு உருப்பெற்றது. இன்றும் களப்பயிற்சிக்குக் களுத்துறை நிலைக்களமாக உள்ளது. ஆயின் தோட்ட மக்களின் சுகாதாரம் நெடுங்காலம் நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தமையால், அம்முறை லயத்தின் வாசலை அடையப் பல தசாப்தங்கள் சென்றன.

தமிழ்நாட்டில் 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மற்றொரு பாடம் தருகின்றது. அவ்வவ்வூர்ப் பெண்களையே தேர்ந்து பயிற்றி, மாதந்தோறும் குழந்தைகளை நிறுக்கச் செய்தனர். வளர்ச்சி தளர்ந்த பிள்ளைக்கு மட்டும் குறித்த காலம் மேலதிக உணவு அளித்தனர். பத்துப் பணியாளர்க்கு ஒரு மேற்பார்வையாளர் என நியமித்தனர். மேற்பார்வையாளரின் தொழில் குற்றங் காண்பதன்று, உடனிருந்து கற்பிப்பது. அத்திட்டத்தின் வலிமை உணவுப் பொதியில் மட்டுமன்று, அதனை யாருக்கு, எப்போது கொடுப்பது எனத் தெரிந்த பெண்களிடத்தும் இருந்தது.

மாணவர்க்கு ஒரு சொல்

மருத்துவராகவும் பொறியியலாளராகவும் விழைவோர் எமது கல்லூரியில் என்றும் உளர், அது நன்றே. ஆயின் போசணை, பொதுச் சுகாதாரப் பரிசோதனை, தாதிமை ஆகிய துறைகளை இரண்டாந் தரமாய் எண்ணும் வழக்கம் நம்மிடத்து உண்டு. அதனை விடுத்தல் வேண்டும். இல்லத்துப் பெண்மக்களையும் குடும்பநலப் பணிக்குக் கற்பிக்க வேண்டும். லயத்து மொழியை அறிந்து, அவ்வாழ்வின் காலை மாலைகளை உணர்ந்தவர் அப்பணியிற் சேரின், பிறர் ஓராண்டிற் கற்பதை அவர் வாசலிலே நின்று அறிவர்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்திற்கும் கிண்ணத்திற்கும் நாம் வழங்கும் நிதியில் ஒரு பங்கு, இத்துறைகளிற் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செல்லுமாக. மூவரில் ஒருவராய் உயரங் குன்றி நிற்கும் பிள்ளை நாளை இக்கல்லூரியின் வாயிலுக்கு வரவேண்டியவன். அவனுக்கு வேண்டியது நம் இரக்கமன்று. அவன் பாட்டியிடம் அந்த மூன்று வினாக்களை வினவத் தெரிந்த ஒருவரே.