காரினுள் புகும் நீர்

வடகிழக்குப் பருவமழை சென்னையிலும் கடற்கரை மாவட்டங்களிலும் நான்கு நாள் விடாது பெய்து ஓய்ந்தபின், காரின் கதவைத் திறப்போர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. ஈரத்துணியை மூட்டையாகக் கட்டிவைத்தாற் போன்ற நாற்றம் உள்ளிருந்து எழும். கால்வைக்கும் இடத்து விரிப்பைக் கையால் அழுத்தினால் விரலிடையே நீர் பிதுங்கும். முகில் எனவும் மழைக்காலம் எனவும் பொருள்படும் கார் என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கும், ஆங்கிலத்தினின்று வந்த இவ்வூர்தியின் பெயருக்கும் உறவு யாதுமில்லை. ஆயினும், கார்காலத்தில் நீர் தாங்கி நிற்கும் தம் வண்டியைக் காணும் உரிமையாளர்க்கு, பெயர்ப்பொருத்தம் இத்துணை வேண்டுவதில்லை என்றே தோன்றும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் நிலை வேறு. ஈண்டுக் கூறப்படுவது, தெருவில் நின்றவாறே துளித்துளியாய் நீரேற்கும் கார்களைப் பற்றியது. இச்சிறு கசிவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. விரிப்பின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்ததும் குறை தீர்ந்தது என மகிழ்வர். விரிப்பின் அடியிலோ தடித்த நுரைப்பஞ்சு உள்ளது. அது உண்ட நீரைப் பல நாள் விடாது பற்றிக்கொள்ளும். அதன் கீழுள்ள எஃகுத் தகடு மறைவில் துருவேறும். இருக்கைகளின் அடியிற் செல்லும் மின்கம்பிகளின் இணைப்புகளில் களிம்பு பிடிக்கும். விபத்துக் காலத்தில் விரிந்து உயிர்காக்கும் ஏர்பேக்கிற்குரிய கம்பிகளும் பல கார்களில் இவ்விடத்தேதான் செல்கின்றன. ஆதலின் உரிய நொடியில் அது விரியாது போகவுங்கூடும். பஞ்சில் வளரும் பூஞ்சணம் ஈளைநோய் உடையார்க்கு இன்னல் விளைக்கும்.

நீர் ஒரு துளியும் புகாதவாறு கார் அமைக்கப்பட்டுள்ளது என்பது பொதுவான எண்ணம். உண்மை அதுவன்று. கதவுக் கண்ணாடி ஏறியிறங்கும் பிளவில் உள்ள ரப்பர்ப் பட்டை நீரைப் பெரிதும் வழித்துவிடுமேயன்றி முற்றும் தடுப்பதில்லை. எஞ்சிய நீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளின் வழியே வெளியேறும். அது இருக்கைப்பக்கம் வாராதவாறு, கதவின் உள்தகட்டில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். கூரையில் சன்ரூஃப் உடைய கார்களிலும் இவ்வாறே: கண்ணாடியின் விளிம்பில் கசியும் நீரை ஒரு தாழ்வாரம் ஏற்க, அதன் மூலைகளிலிருந்து குழாய்கள் தூண்களினூடே கீழிறங்குகின்றன. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் நிற்கும் பள்ளத்திற்கும் வடிகால் உண்டு. ஏரிக்குக் கலிங்கு எத்தகையதோ, காருக்கு இவ்வடிகால்கள் அத்தகையன. கலிங்கு அடைபட்டால் கரை உடையும். வடிகால் அடைபட்டால் நீர் காரினுள் வரும்.

வேப்பமரத்து நிழலில் நாள்தோறும் நிற்கும் ஒரு காரை எண்ணிப் பார்க்கலாம். வேனில் முழுதும் உதிர்ந்த சருகும் பூவும் முன்கண்ணாடியின் அடிப்பள்ளத்தில் படிந்து மக்கிக் களியாகும். முதற் பெருமழையில் அங்கே நீர் தேங்கி உயர்ந்து, காற்றுப் புகும் வாயின் வழியே உட்பாய்ந்து, விசிறிக்கூட்டினூடே இடப்பக்கக் காலடியில் விழும். உரிமையாளர் முன்கண்ணாடியை ஐயுற்றுச் சிலிக்கோன் பசையை அதன் விளிம்பெங்கும் அப்புவார். அடுத்த மழையிலும் நீர் வரும். மீண்டும் பசை அப்புவார். இதனால் பயனடைவார் பசை விற்பாரே. நீர் தோன்றும் இடமும் புகும் இடமும் ஒன்றல்ல என்பதை அவர் அறிந்திலர். பின்புறம் புகுந்த நீர்கூட, வண்டி சரிவில் நிற்குமாயின், முன்னோடி வந்து தேங்கும்.

ஆகவே, வந்த நீர் எத்தகையது என அறிதலே முதற்பணி. மழையில்லா நாளில், ஏ.சி. இயங்கிய பயணத்தின்பின் ஈரங்காணின், அது கூலிங் காயிலில் குளிர்ந்து திரண்ட நீர். வண்டியின் அடியில் சொட்டவேண்டிய அது, குழாய் அடைபட்டமையால் உள்ளே வழிந்தது. ஈரம் பிசுபிசுத்து, இனிய மணமும் நிறமும் உடையதாய், முன்கண்ணாடியில் நெய்ப்படலம் போலப் படியுமாயின், அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆகும். அது நஞ்சு, நாவில் வைத்துச் சோதித்தல் கூடாது. அத்தகைய வண்டியை ஓட்டாது பணிமனைக்கு அனுப்புதல் வேண்டும். இவ்விரண்டும் அல்லாத தெளிந்த நீர் பெரும்பாலும் மழைநீரே.

மழைநீர் புகும் வழியைத் தேட இருவர் வேண்டும். விரிப்பை எடுத்துத் தரையைத் துடைத்து உலர்த்தியபின், ஐயத்திற்குரிய இணைப்புகளின் உட்புறம் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுவர். ஒருவர் கைவிளக்கோடு உள்ளே அமர்வார். மற்றவர் ரப்பர்க் குழாயால் வெளியிலிருந்து மெல்ல நீர்விடுவார். கீழிருந்து தொடங்கி, ஓரிடத்திற்குப் 10 நிமிடம் என நின்று, படிப்படியாக மேலேறுதல் வேண்டும். முதலிலேயே கூரையில் நீர்விட்டால் அது கீழுள்ள அனைத்தையும் நனைத்துவிடும். பிறகு எவ்வழியே புகுந்தது என்று எவரும் சொல்லவியலாது. விசைமிக்க பம்பும் ஆகாது; அது நல்ல ரப்பரையும் பிளந்து புகுந்து, குற்றமற்றதைக் குற்றவாளியாக்கும். தூளில் நீர்க்கோடு விழுந்தவுடன் குழாயை நிறுத்தி, அக்கோட்டைப் பின்பற்றி மேனோக்கிச் செல்லின் வாயில் புலப்படும். டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் நீர் தேங்கின், பின்விளக்கின் ரப்பரையும் டிக்கியின் பீடிங்கையும் நோக்குதல் தகும். கதவு ரப்பரை அறிவது எளிது: ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், அழுத்தம் உள்ளவிடத்தில் தாள் இறுகும், இல்லாதவிடத்தில் வழுக்கி வரும்.

வழி தெரிந்தபின் செப்பம் அரிதன்று. சருகைக் கையால் அள்ளி, வடிகாலில் மெல்லிய நைலான் இழையைச் செலுத்தித் துழாவினால் போதும். காற்றை மிகுவிசையில் செலுத்தின், தூணினுள்ளே குழாய் மூட்டு கழன்று முன்னிலும் பெருங்கேடு விளையும். கதவினுள் தாள் பிரிந்திருப்பின் பியூட்டைல் பட்டையால் ஒட்டுவர். முன்கண்ணாடியே பிழையாயின், அதனைக் கழற்றி யூரித்தேன் பசையிட்டுப் பதித்தல் வேண்டும். முன்னர் அப்பிய சிலிக்கோன் எஞ்சியிருந்தால் அப்பசை பற்றாது. நனைந்த பஞ்சை உலர்த்த இருக்கையைக் கழற்ற நேரின், மஞ்சள்நிற உறையுள்ள கம்பிகள் ஏர்பேக்கிற்குரியன ஆதலின், அப்பணி தேர்ந்த மெக்கானிக்கிற்கு உரியது.

இரண்டொரு மழை பெய்யும்வரை விரிப்பைப் பொருத்தாது, தரைத்தகட்டின்மேல் பழைய செய்தித்தாளைப் பரப்பிவைப்பது நலம். மழை பெய்த மறுநாட் காலையில் தாள் மொரமொரவென்றிருப்பின் விரிப்பை இடலாம். ஓர் ஓரம் நனைந்திருப்பின், அவ்வோரத்திலிருந்து தேடல் மீண்டும் தொடங்கும்.