பாம்பு முட்டைக்கு ஒரு பெட்டி

அடைகாக்கும் கோழி முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும். பாம்பு முட்டையில் கதையே வேறு! இட்ட ஓரிரு நாளில் கரு மேல்பக்க ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரட்டினால் கரு செத்துப்போகலாம்.

பழைய சுவரை இடிக்கும்போது சில சமயம் பாம்பு முட்டைகள் கிடைக்கும். அவற்றைப் பாம்பு மீட்பவர்கள் இப்படிப் பொரிக்க வைக்கலாம்:

தேவையானவை: மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி, 2 செங்கல், மீன்தொட்டி ஹீட்டர், வெப்பமானி, பிளாஸ்டிக் டப்பா, தேங்காய் நார்த்தூள்.

செய்முறை:
1. பெட்டிக்குள் செங்கல்லை வைத்து, அது மூழ்காத அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹீட்டர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.
2. நார்த்தூளை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து டப்பாவில் பரப்ப வேண்டும். டப்பா மூடியில் சிறு துளைகள் போட வேண்டும்.
3. முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, அதே பக்கம் மேலே இருக்கும்படி பாதி புதைக்க வேண்டும். ஒட்டிய முட்டைகளைப் பிரிக்கக் கூடாது.
4. டப்பாவை மூடிச் செங்கல் மேல் வைத்து, வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி பார்க்க வேண்டும்.

ஈரம் எதற்கு? பாம்பு முட்டையின் ஓடு தோல்போல மெத்தென்று இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். காய்ந்தால் சுருங்கிவிடும்.

நல்லபாம்பு, சாரைப்பாம்பு முட்டைகள் சுமார் 60 நாளில் பொரியும். குட்டி தன் முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறி வெளியே வரும்.

ஜாக்கிரதை! நல்லபாம்புக் குட்டிக்குப் பிறக்கும்போதே விஷம் உண்டு. தாயும் முட்டை பக்கத்திலேயே இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாமாக எடுத்து வளர்க்கவும் கூடாது. அதனால் முட்டையைப் பார்த்தால் தொடாதீங்க, உடைக்காதீங்க! பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுங்க.

யோசிங்க: பெட்டியே தேவைப்படாத பாம்பு எது?
விடை: கண்ணாடி விரியன். அது குட்டி போடும்!