முதல் பராமரிப்பு

புதிய இயந்திரம் இயங்கத் தொடங்கும்போது அதன் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்துகின்றன. அப்போது உதிரும் நுண்துகள்கள் உயவு எண்ணெயில் கலக்கின்றன. எனவேதான் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம், எம்3 போன்ற தன் விரைவு மகிழுந்துகளுக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரில் முதல் பராமரிப்பை வகுத்தது. அப்போது இயந்திர எண்ணெயும், பின்சக்கரங்களுக்கு ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பின் எண்ணெயும் மாற்றப்படும்.

முதல் உரிமையாளர் இதனைத் தவறவிட்டாலும் வண்டி உடனே பழுதடைவதில்லை. இயந்திரத்தில் துகள்களைத் தடுக்க வடிகட்டி உண்டு. அதன் எண்ணெயும் அடுத்த பராமரிப்பில் மாற்றப்பட்டுவிடும். டிஃபரன்ஷியலுக்கோ அத்தகைய வடிகட்டி இல்லை. துகள்கள் பழைய எண்ணெயிலேயே சுழன்று பற்களையும் தாங்கிகளையும் மெல்லத் தேய்க்கும். ஒருவர் செய்த புறக்கணிப்பின் விளைவைப் பின்னாளில் அவ்வண்டியை வாங்குபவரே சுமக்க நேர்கிறது.

ஆதலால், பயன்படுத்திய மகிழுந்தை வாங்குவோர் அதன் பளபளப்பைக் காணுமுன் பராமரிப்புப் பதிவேட்டைக் காண வேண்டும். முதல் பராமரிப்பு பதிவாகவில்லையெனில், எண்ணெயை வடித்து, அதில் உலோகத் துகள்கள் உள்ளனவா என ஆராய்ந்து, புதிய எண்ணெய் நிரப்புதல் நன்று. காலந்தாழ்ந்த பராமரிப்பு இனிவரும் தேய்மானத்தைக் குறைக்கும். தேய்ந்ததை மீட்டுத் தராது.